எண்ண இயலாத அளவு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது உன் அத்தான், பாசத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே நீயும் உன் விசிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாசலில் வந்து நின்றால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிறாய். அதனால்தான் காகிதத்தைக் கையில் எடுத்தேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் கோபம் நியாயம்தான், இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஏரியில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவது உனக்குப் பிழைப்பு மட்டுமில்லை, உயிர். அந்த ஏரிக்கரையில் 'தண்ணீரில் இறங்கக் கூடாது' என்று சுகாதார அலுவலகம் பலகை நட்டுவிட்டது. காரணம், மேட்டில் நாங்கள் கட்டுகிற அடுக்குமாடி. அங்கே பெய்கிற மழை ஓடை வழியாக நேரே உன் ஏரிக்குத்தான் வருகிறது, வரும்போது கிருமியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் மழைத்தண்ணீருக்குப் பொறுப்பு யார் என்றால் நான். "உலகத்துல எவ்வளவோ பேர் கட்டடம் கட்டுறாங்க, எங்க அத்தான் தண்ணிதான் என் தலையில விழணுமா?" என்று உன் அக்காவிடம் கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாடு இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் குட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் மழையில் கரைந்து ஓடிவிடாமல் இருக்க, தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டினேன். மழைத்தண்ணீர் அதில் தங்கி, சேறு அடியில் படிந்து, தெளிந்தது மட்டும் குழாய் வழியாக ஓடைக்குப் போகும். வெட்டினதோடு விட்டேனா? கரையெல்லாம் புல் பதித்தேன், வாரா வாரம் கத்தரித்தேன், உட்கார ஒரு பெஞ்சும் போட்டேன். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "சார், இது குட்டையா பூங்காவா?" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் நன்றி சொல்லி வைத்தேன்.

பிறகுதான் பலகை நட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் குட்டையிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். முதல் பாட்டிலுக்கு வந்த முடிவில், கிருமி எத்தனை என்கிற இடத்தில் எண்ணே இல்லை, 'எண்ண இயலாத அளவு' என்று மட்டும் போட்டிருந்தது. மச்சான், என் வாழ்க்கையில் எதுவுமே எனக்கு எண்ண இயலாத அளவுக்குக் கிடைத்ததில்லை, சம்பளம் உட்பட. கிடைத்தது இதுதான். ஆய்வுக்கூடத்து அம்மாவிடம் கேட்டேன், அவர்கள், "கிருமி தானா வராது சார், எங்கிருந்தோ வருது, தேடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். தேடினேன். வேலையாட்களின் கழிப்பறைக் கூண்டுகள் வடிகால் ஓரமாக நின்றன, அதுதான் குற்றவாளி என்று கிரேன் வைத்துத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனேன், அவர்கள் அவசரத்துக்கு மலையேற வேண்டியிருக்கிறது என்று என்னைத் திட்டாத திட்டில்லை, அடுத்த மழைக்குப் பார்த்தால் முடிவு அச்சு அசலாக அதேதான். குப்பைத் தொட்டிகளுக்கெல்லாம் மூடி போட்டேன், அப்போதும் அப்படியே. கடைசியில் காவல்காரரின் நாய் மேல் சந்தேகம் வந்தது, அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே முறத்தோடு போய் அள்ளச் சொன்னேன், அவர், "நாய்க்கே வெட்கமா இருக்கு சார், நீங்க பாக்குறதால அது போகவே மாட்டேங்குது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த மழைக்கும் எண்ண இயலாத அளவுதான்.

ஆய்வுக்கூடத்து அம்மா நேரில் வந்தார்கள். "குட்டைக்குள்ள வர்ற தண்ணிய எப்பவாவது பிடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு அசடு வழிந்தது. அடுத்த மழையில் நனைந்துகொண்டே உள்ளே வருவதிலும் பிடித்தேன், வெளியே போவதிலும் பிடித்தேன். உள்ளே வருகிற தண்ணீர் பரம யோக்கியம். வெளியே போகிறதுதான் அயோக்கியம். அப்படியானால் கெட்டுப்போகிற காரியம் நடுவில், என் குட்டைக்குள்ளேயே நடக்கிறது.

அன்று மதியம் பெஞ்சில் உட்கார்ந்து, யாராக இருக்கும் என்று யோசித்தபடியே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். நீல மூடி 'டப்' என்றதும் குட்டையிலிருந்து வாத்துக் கூட்டம் கரையேறி, என் செருப்பைச் சுற்றி நின்று, அண்ணாந்து பார்த்தது. நானும் பார்த்தேன். எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

இனிமேல் எழுதப்போவது உனக்கும் எனக்கும் மட்டும், உன் அக்கா காதுக்குப் போகக் கூடாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் அக்கா உப்பில்லாத பீன்ஸும் தவிட்டு ரொட்டியும் கட்டித் தருகிறாள். ஆசையாகக் கட்டித் தருகிறாள், நான் என்ன செய்வேன்? குட்டைக்கு முதலில் இரண்டு வாத்து வந்தது. ஒரு துண்டு ரொட்டி போட்டேன். அவை எவ்வளவு ருசித்துச் சாப்பிட்டன தெரியுமா? அப்புறம் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. நான் கழிப்பறையைத் தூக்கினேன், தொட்டிக்கு மூடி போட்டேன், நாயைச் சந்தேகப்பட்டேன், இத்தனையும் செய்துவிட்டு மதியமானால் வாத்துக்கு விருந்து வைத்தேன். அவை தின்றது ரொட்டி, குட்டைக்குத் தந்தது வேறு. காலி டப்பாவைப் பார்த்து உன் அக்கா தினமும் பூரித்துப்போனாள். கடவுளே!

சரி, தப்பு தெரிந்த பிறகு சும்மா இருக்கவில்லை. ரொட்டி போடுவதை அடியோடு நிறுத்தினேன். குட்டைக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பளபளக்கிற தாளைத் தொங்கவிட்டேன். புல்லைக் கத்தரிப்பதை விட்டேன், புல் உயர்ந்தால் உள்ளே என்ன பதுங்கியிருக்கிறதோ என்று வாத்து கரையேறப் பயப்படுமாம். கிருமி சேற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று அந்த அம்மா சொன்னதால், தண்ணீரை வடித்து அடிச்சேற்றை வாரிக் கொட்டினோம். குழாய்க்கு முன்னால் மணலும் ஜல்லியும் போட்டு வடிகட்டி வைத்தேன். ஒரு காலைப் பார்த்தால் வாத்துகள் போயே போய்விட்டன. கொஞ்சம் வருத்தமாக இருந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த மழைக்கு முடிவு வந்தது பார், எண்ணே வந்துவிட்டது மச்சான், அதுவும் சின்ன எண்! இன்ஜினியரிடம் காட்டிவிட்டு மூன்று முறை படித்தேன். காவல்காரரின் நாயிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

வருகிற திங்கட்கிழமை உன் ஏரியில் தண்ணீர் எடுக்க வருகிறார்கள். அது சுத்தம் என்று வந்தால் அன்றைக்கே பலகையைப் பிடுங்கிவிடுவார்களாம். பிள்ளைகளுக்குச் சொல்லி வை. விசிலைத் துடைத்து வை. இப்போது என் டப்பாவை நானே சாப்பிடுகிறேன், பீன்ஸ் ஒன்றுகூட மிச்சமில்லை, அதுவும் பழகப் பழக நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்க்க உன் அக்காவிடம்தான் தரப்போகிறேன், பயப்படாதே, பிறத்தியார் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

உன் நீச்சல் பள்ளி நீடூழி நடக்கட்டும். உன் கோபம் ஆறட்டும். அடுத்த முறை நான் வாசலில் நின்றால் விளக்கைப் போடு.

இப்படிக்கு,
மழைத்தண்ணீர் பொறுப்பாளரும் உன் பாசத்துக்குரிய அத்தானுமாகிய நான்

பின்குறிப்பு:

தம்பி, அக்கா எழுதுகிறேன். பிறத்தியார் கடிதத்தை நான் படிக்க மாட்டேன்தான், இவர் பிறத்தியார் இல்லையே. பீன்ஸ் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது பச்சைப் பொய். பத்து நாளாக டப்பா அப்படியே திரும்பி வருகிறது, கேட்டால் வேலை அதிகமாம். சாப்பாட்டைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. நீ கோபத்தில் ஏரிப்பக்கமே போவதில்லை, உனக்குத் தெரிந்திருக்காது. உன் பிள்ளைகள் இறங்குகிற படிக்கட்டில் புதிதாக வாத்துக் கூட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் நடக்கப் போகும்போது டப்பாவோடு போய் தினமும் போட்டுவிட்டு வருகிறேன். நேற்றும் போட்டேன். முதல் நாள் நான் மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே, நீல மூடி டப்பாவைப் பார்த்ததுமே ஓடி வந்தன. எப்படித் தெரியும் என்று அப்போதே ஆச்சரியப்பட்டேன். திங்கட்கிழமைக்கு முன்னால் போய் விரட்டிவிடு. போகும்போது கையில் டப்பா எதுவும் கொண்டுபோகாதே.