திரும்பி வந்த பஞ்சு மெத்தை

என் மகனின் மனைவிக்கு மாமியார் எழுதிக்கொள்வது. முட்டியைத் தவிர நான் நலம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும். அதில் எனக்குக் கோபம் கிடையாது.

கோபமெல்லாம் மெத்தையில்தான். வரப்போகும் குழந்தையின் கட்டிலுக்கென்று என் கையால் பஞ்சு திணித்துத் தைத்து அனுப்பினேன். போன மாதம் மூன்றாம் செவ்வாய், காலை பத்தேகாலுக்குத் திரும்பி வந்தது. "ரொம்ப மெத்துன்னு இருக்கு அத்தை, குப்புறத் திரும்பினா மூச்சு முட்டும்" என்று போனில் சொன்னாய். இனி உன் வாசலை மிதிப்பதில்லை என்று அன்றே முடிவு கட்டினேன். நீ சொன்னது தப்பென்று காட்டத்தான் நேற்று மத்தியானம் மெத்தைக் கடைக்குப் போனேன், உள்ளே ஈ காக்கை இல்லை, வெள்ளை வெள்ளையாய் மெத்தைகள், மேலே மின்விசிறி அரைத் தூக்கத்தில் சுற்றுகிறது, கடைக்காரர் இருப்பதிலேயே மெத்தென்றதைக் காட்டி மேகம் மாதிரி இருக்கும் என்றார், கையை வைத்து எடுத்தேன், உள்ளங்கை அப்படியே அதில் கிடந்தது, மோதிரத் தடம்கூடத் தெரிந்தது, சற்றே தலை சாய்த்தேன், அவ்வளவுதான், மெத்தை குளமாகிவிட்டது, அதன்மேல் இன்னும் முகம் வரையாத ஒரு குழந்தை மிதந்து மிதந்து மெதுவாகக் குப்புறத் திரும்புகிறது, வெள்ளை அதன் மூக்கருகே மெல்ல மூடுகிறது, தூக்கப் போன என் கையும் அமிழ்கிறது.

"பாட்டிம்மா, தூங்கிட்டீங்களா?"

"மெத்தையச் சோதிச்சேன். இருக்கறதுலயே கெட்டியானத எடு."

"முதுகு வலிக்குமே."

"படுக்கப்போறது நீ இல்ல."

கெட்டி மெத்தையில் கை வைத்து எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் என்னை மறந்துவிட்டது. நான் அந்த ரகம் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் குழந்தை படுக்க அதுதான் சரி. நீ சொன்னது சரியென்று எழுதிவிட்டேன், இன்னொரு முறை கேட்காதே. மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாதாம், கடைக்காரர் சொன்னார். அளவை உன்னிடம் கேட்கவில்லை, மனதிலிருந்தே சொல்லி வெட்டச் சொன்னேன். மெத்தை மட்டும் வரும், நான் வர மாட்டேன்.

என் மகனைக் கேட்டதாகச் சொல். பதில் போட மாட்டான், ஒன்பது வயதிலிருந்தே அப்படித்தான். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நூறு வயது இரு.

இப்படிக்கு,
உன் அத்தை

பி.கு.: நான் சொன்ன அளவு முப்பத்துநாலு வருடத்துக்கு முன் உன் புருஷன் படுத்த கட்டிலின் அளவு. உன் கட்டில் வேறென்று இப்போதுதான் உறைத்தது. வெட்ட வேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். நேரில் அளந்தால்தான் எனக்குத் திருப்தி. வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்தப் பஞ்சு மெத்தையும் கூட வருகிறது. குழந்தைக்கு இல்லை, எனக்கு.