முதல் பந்தியில் ஒரு மந்த வாயு

இந்தக் கிடாவெட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து நல்லி எலும்பு கடித்தே தீருவது என்று ராஜபாண்டி சபதம் எடுத்தார். சாதாரண மனுசன் என்றால் நேரே போய் இலை முன்னால் உட்கார்ந்திருப்பான். இவரோ பெரியகுளத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிற வாத்தியார். அதனால் திட்டம் போட்டார்.

பண்ணைப்புரத்தில் தம்பி அருண்பாண்டி மகளுக்குக் காதுகுத்து. விசேஷ வீட்டுப் பங்காளிகள் வாளி தூக்கிப் பரிமாற வேண்டும். மாமன் மச்சான்கள் தின்று ஏப்பம் விட்ட பிறகு, கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். போன கிடாவெட்டில் ராஜபாண்டி உட்கார்ந்தபோது அண்டாவில் கறி தீர்ந்துவிட்டது. வெறும் ரசம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

போன தடவை பந்தியில் அடிதடி வேறு. "யாரை எங்கன உக்கார வைக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கண்ணே, படிச்சவுக" என்று தம்பி பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டான். ராஜபாண்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கூடத்துச் சுவரில் தனிம வரிசை அட்டவணை எப்போதும் தொங்கும். டியூஷனுக்காக மாட்டியது. அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி அத்தனை டியூஷனையும் ஓசியில் கேட்டவள் மனைவி அனுசுயா. அவளை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினார்.

"இங்க பாரு. இடது ஓரம் சோடியம், பொட்டாசியம். கையில இருக்கிற எலக்ட்ரானை யார் தலையிலயாவது கட்டிரணும்னு அலையும். கீழ போகப் போக அணு பெருசாகும், பிடி தளரும், ஆட்டம் கூடும். லிங்கேஸ்வரன் மாமா மாதிரி."

"அவுக தண்ணி பட்டாத்தானே வெடிப்பாக?"

"அதேதான்! வலது பக்கம் குளோரின் வகையறா. அடுத்தவன்கிட்ட இருக்கிறதைப் பிடுங்கும். உன் அன்னத்தாய் சித்தி."

"ஏன், உங்க மூக்கம்மா அத்தை பிடுங்க மாட்டாகளாக்கும்?"

"அவுக புளோரின். பிடுங்குறதுல எல்லாருக்கும் மேல."

"சரி. நீங்க எங்கன?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். அட்டவணையின் வலது ஓரக் கடைசி நெடுவரிசையில் விரலை வைத்தார்.

"மந்த வாயு. எலக்ட்ரான் நிறைஞ்ச கூடு. கொடுக்காது, வாங்காது, எதோடயும் சேராது. ரெண்டு சண்டைக்காரக நடுவுல நான் உக்காந்தாத்தான் பந்தி அமைதியா நடக்கும். முதல் பந்தி. அண்டாப் பக்கம்."

"அப்ப வாளி?"

"மந்த வாயு வாளி தூக்காது அனுசுயா."

அவள் நன்றாகத் தலையாட்டிவிட்டுச் சேலை மடிக்கப் போய்விட்டாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் கோயில் பந்தலில் எல்லாம் திட்டப்படி நடந்தது. லிங்கேஸ்வரன் ஒரு பக்கம், அன்னத்தாய் மறுபக்கம், நடுவே ராஜபாண்டி. இலை விழுந்தது. நல்லி வாசம் மூக்கைத் துளைத்தது. எதிரே வாளியோடு அனுசுயா வந்து நின்றாள். அவள் பின்னால் அவள் தம்பி செல்வமணி.

"எந்திரிங்க."

"நான் மந்த வாயு…"

"அதுல எது? ஹீலியமா?"

"வச்சுக்கோயேன்."

"அது இத்தனூண்டுங்க. பிடி இறுக்கம். யாரும் அசைக்க முடியாது. கீழ போகப் போகப் பெருசாகும், பிடி தளரும்னு நேத்து நீங்கதானே சொன்னீக?"

"அது… சோடியம் பக்கத்துக்கு."

"எல்லாப் பக்கத்துக்கும்தான். செனான் மந்த வாயுவா இருந்தும் புளோரின்கிட்ட மாட்டிக்கிரும்னு டியூஷன்ல கத்துனீகளே!"

பந்தி மொத்தமும் ராஜபாண்டியின் தொந்தியைப் பார்த்தது.

"இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஹீலியமாம்! நீங்க செனான்தான்" என்றாள் அனுசுயா.

இவளை யார் இதையெல்லாம் கேட்கச் சொன்னது? ராஜபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருஷ வாத்தியார் உத்தியோகம் தடுத்தது.

பந்தியின் கோடியிலிருந்து மூக்கம்மா அத்தை குரல் கொடுத்தாள். "ஏலே ராஜபாண்டி! எலும்பு இங்கன கொண்டு வாலே!"

"புளோரின் கூப்பிடுது. போங்க."

வாளி அவர் கைக்கு வந்தது. செல்வமணி அவர் இலையில் உட்கார்ந்து, "மாமா, அந்த நல்லியை இப்படி வைங்க" என்றான். வைத்தார். வேர்க்க விறுவிறுக்க ஓடி ஓடி வைத்தார். கடைசியில் அவருக்கும் ஒரு இலை விழுந்தது. அனுசுயா வந்து ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"கறி?" என்றார்.

"நிறைஞ்ச கூட்டுக்கு எதுக்குங்க கறி?"