பிரேக் மிதித்தால் எட்டு டிசைன்

ஒரு வேலை தெரிந்துவிட்டால் அதற்குத் தூரத்துச் சொந்தமான வேலையெல்லாம் தெரியும் என்று நம்புகிற வியாதி எனக்கு உண்டு. இருபத்து மூன்று வயதில் அது நன்றாக முற்றியிருந்தது. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் லைட் கட்டுவது என் பொறுப்பு. தட்டியில் எல்.இ.டி.யைப் பதித்து மயிலை ஆட விடுவேன், தாமரையை மலர விடுவேன். (ஒரு தடவை மயில் தலைகீழாக ஆடியது. அது தட்டியைக் கட்டியவன் தப்பு.)

என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுபவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். அதன் பின்பக்க லைட்டில் ஒன்று எரியவில்லை. "பல்ப மட்டும் மாத்திக் குடுத்துரு மாப்ள" என்றார். அவர் சொன்னபடி செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். லைட்டின் சிவப்பு மூடியை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். மூடியைப் பிரித்து, உள்ளே நமக்குப் பிடித்த மாதிரி எல்.இ.டி. பட்டை வைத்துக்கொள்ளலாம். வீடியோக்காரர் அதற்கு ஓவன் வைத்திருந்தார். எங்களிடம் இருந்தது அக்காவின் இட்லிக் கொப்பரை.

"ஏலே, காலைல அதுல நான் இட்லி அவிக்கணும்ல!"

"செத்த நேரம்தாங்க்கா. வெந்ததும் எடுத்துருதேன்."

மூடி பிரிந்தது. எல்.இ.டி.யை வரிசையாக ஒட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடையில் மிச்சம் கிடந்த சீரியல் லைட் கன்ட்ரோலர் ஒன்றையும் உள்ளே சேர்த்தேன். பிரேக் மிதித்தால் வெளிச்சம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும், பணக்காரர்கள் காரில் ஓடுவது போல. அக்காவை சீட்டில் உட்கார வைத்து ஒரு தடவை மிதிக்கச் சொன்னேன். சிவப்பு அம்சமாக ஓடியது. (ஒரே ஒரு தடவைதான் மிதிக்கச் சொன்னேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) மச்சானிடம் சொல்லவில்லை. தானாகப் பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செய்தி வந்தது. மச்சானுடைய அண்ணனின் மாமனார் தவறிவிட்டார். மச்சானுக்கும் அண்ணனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. வத்திராயிருப்பில் தென்னந்தோப்புக்குப் போகிற பாதை யாருக்கு என்று வந்த சண்டை. கல்யாணம் காதுகுத்துக்கு அழைத்தால்தான் போக முடியும். கேதத்துக்கு யாரும் அழைக்க வேண்டாம், போய் நிற்கலாம். இரண்டு கையையும் நீட்டினால் துக்க வீட்டுக்காரர் தொடுவார். தொட்டுவிட்டால் பழைய பகை அதோடு போயிற்று.

மச்சான் வேட்டியை மூன்று தடவை மாற்றிக் கட்டினார். "அண்ணன் என் கையத் தொட்டுட்டாப் போதும் மாப்ள. பாதை மண்ணாங்கட்டியெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்" என்றார். என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். என் கைவேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கேத வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே திருப்ப இடமில்லை என்பதால் ரிவர்ஸிலேயே வரச் சொன்னார்கள். நான் இறங்கி, பந்தலுக்கு முன்னால் நின்று வழி காட்டினேன்.

மச்சான் நிதானமான ஆள். இரண்டடிக்கு ஒரு தடவை பிரேக் மிதித்துத்தான் பின்னால் வருவார். முதல் மிதிக்கு வெளிச்சம் ஓடியது. இரண்டாவதுக்குச் சிமிட்டியது. மூன்றாவதுக்கு மழையாகக் கொட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் அந்தக் கன்ட்ரோலர் அடுத்த டிசைனுக்குத் தாவும். மொத்தம் எட்டு. கோயில் வாசலுக்கு அதுதான் அழகு.

"நிறுத்துங்க மச்சான்!" என்று கத்தினேன். நிறுத்தினார். நாலாவது டிசைன்.

"பிரேக்க விடுங்க!" விட்டார். வண்டி உருண்டது, பதறிப்போய் மறுபடி மிதித்தார். ஐந்தாவது.

தோளில் கிடந்த துண்டை விரித்து மறைத்தேன். துண்டு வழியாகப் பார்க்க இன்னும் ஜோராக இருந்தது. உள்ளே ஒப்பாரி நின்றுபோனது. ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஏப்பா, சாமி சப்பரமா வருது?" என்று கேட்டார். யாரோ ஒருவர் இருமினார். அடுத்த நிமிடம் பந்தலே வாயில் துண்டை வைத்துக்கொண்டது.

மச்சானுக்கு எதுவும் தெரியாது. இறங்கி, நேராக அண்ணன் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் காரைப் பார்த்தார். குலுங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கொண்டாட வந்தியாலே?"

மச்சானின் கை அப்படியே நீண்டிருந்தது. "நான்தான் செஞ்சேன், அவியளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும் தனியாகப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்ட்ரோலரையும் எடுத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இத அன்னைக்கு அங்கனயே சொல்லிருந்தா தொட்டுருப்பேன்" என்றார். "அம்புட்டுப் பேரும் சிரிச்சு முடிச்சாச்சு. இப்ப வந்து சொல்லுத."

இன்றுவரை இருவரும் பேசிக்கொள்வதில்லை. மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய மாதிரி பல்பை அவரே வாங்கி மாட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது யார் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலும், கீழேயிருந்து ஒரு குரல் "எத்தன டிசைனு?" என்று கேட்கும். விருந்தாளி வந்தால் அக்கா முழுக் கதையையும் நடித்தே காட்டுவாள், இட்லிக் கொப்பரையில் தொடங்கி. "சப்பரமா வருது?" என்ற இடத்தில் வீடே சிரிக்கும், அக்காவும் அதோடு நிறுத்திவிடுவாள். மச்சானும் கூடவே உட்கார்ந்து சிரிப்பார். அவர் சிரிப்பதைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.