சந்தியாகுவின் பத்தியச் சோறு

தட்டைப் பார்த்ததும் சந்தியாகுவுக்கு அழுகை வந்தது. அவித்த கொள்ளு, முருங்கைக்கீரை, எண்ணெயே காணாத மடவை மீன் குழம்பு.

"இன்னாமே இது? ரெண்டு கருவாடு வறுத்தா கொறஞ்சா பூடுவ?"

"உன் நெஞ்சுக்கு ஆவாதுய்யா. கீரை, பயறு, கொழம்பு மீனுன்னு துன்னா இன்னும் முப்பது வருசம் இருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க," என்றாள் அவன் மனைவி பவுலின்.

கோட்டைக்குப்பத்து மருத்துவ முகாமுக்கு இருவரும்தான் போனார்கள். இருவர் நெஞ்சிலும் ஒயரை ஒட்டி எடுத்த கையோடு இவன் டீ குடிக்க நழுவிவிட்டான். முடிவைக் கேட்டு வந்தவள் அவள்.

"இந்தச் சோத்தத் துன்னுகினு முப்பது வருசமா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு, வினோத்தின் டீக்கடைக்கு நடந்தான்.

"வடை இல்லண்ணா," என்றான் வினோத்.

"கண்ணாடிக்குள்ள இருக்கிறது இன்னாடா?"

"அது மத்தவங்களுக்கு. உனக்குக் குடுத்தா கொலக் கேசு ஆயிடும்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்கு."

சந்தியாகுவுக்கு ரோசம் வந்துவிட்டது. நோயாளி என்று ஊரெல்லாம் சொன்னாளா, நோயாளியாகவே இருந்து காட்டுகிறேன் என்று பாயை விரித்துப் படுத்தான். ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதையும் நிறுத்தினான்.

"அடுப்பெரிய வேணாமா?" என்றாள்.

"நெஞ்சு நோவுக்காரன தண்ணியில எறங்கச் சொல்றியா?"

மறுநாள் முதல் இறால் போடும் ஓலைப் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அவளே இறங்கிக் கையால் தடவிப் பிடித்தாள். திரும்பி வந்து கீரை ஆய்ந்தாள், கொள்ளு அவித்தாள், அவனுக்குக் கால் பிடித்துவிட்டாள்.

ஒரு மதியம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நோயாளி நானு. நீ இன்னாத்துக்கு மூச்சு வாங்குற?" என்றான் அவன், பாயிலிருந்தபடியே.

"வெயிலு," என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் அவள் ஏரிக்குப் போனதும், அவன் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினான். முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் பெனிட்டா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சிஸ்டர், ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு கருவாடு துன்னுக்கவா? நெஞ்சு தாங்குமா?"

பெனிட்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னாண்ணா, கல்லு மாதிரி இருக்கீங்க. அடைப்பு பவுலின் அக்காவுக்குத்தான். தனக்குன்னு சொன்னா வூட்ல பத்தியச் சோறு ஆக்க வுடமாட்டீங்கன்னு அன்னிக்கே சொல்லிச்சு. தண்ணியிலயாவது எறங்க வுடாம பாத்துக்கிறீங்களா?"