கரடிக்குக் கடைவாய்ப் பல்

பல் டாக்டருக்கு எந்த வாயைக் கண்டும் பயமில்லை. வாய்க்குச் சொந்தக்காரர் இரண்டு காலில் நடந்து வரும்வரை. நாலு கால் என்றால், பக்கத்து வீட்டுப் பூனை கொட்டாவி விட்டால்கூட எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆனால் கல்யாணமான புதிதில், இளவயதில் ஓநாயையே கல்லால் அடித்து விரட்டியவன் என்று மனைவியிடம் அளந்துவிட்டிருந்தார். அளந்ததைத் திருப்பி வாங்க முடியுமா?

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பேச்சை எடுத்ததும் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஊருக்கு வெளியே வனவிலங்குப் பூங்கா இருக்கே, போயிட்டு வரலாமா? இந்த மண்ணோட மிருகங்கள் மட்டும்தானாம். அழிஞ்சு போகாம காப்பாத்துறாங்க. ஒரு கூண்டுகூடக் கிடையாதாம்!"

"கூண்டு... கிடையாதா?"

"வேலி இருக்காம்."

"வேலியே பயிரை மேயும்பாங்க!"

வரமாட்டேன் என்றால் ஓநாய் அம்பலமாகிவிடும். அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைப்பது என்று தீர்மானித்தார்.

"எனக்கொண்ணும் இல்லை. உன்னை நினைச்சாத்தான் கவலை. கரடி கட்டிப்பிடிக்க வர்ற மாதிரிதான் வரும். முகத்தைத்தான் முதல்ல எடுக்கும்."

"ஐயையோ!"

"ஓநாய் பின்னாலேயே வரும். காலடிச் சத்தமே கேக்காது."

"அம்மாடி! அப்ப நீங்க எனக்கு முன்னாலயும் நடங்க, பின்னாலயும் நடங்க. ஓநாயை விரட்டினவர் கூட இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

சொந்தச் செலவில் வெட்டிய குழி. இறங்கிப் படுப்பதுதான் பாக்கி.

பூங்கா வாசலில் ஒரு பலகை: 'இது விலங்குகளின் வீடு. நீங்கள் விருந்தாளி.' அவர் கண்ணுக்கு 'விருந்து' வரைக்கும்தான் தெரிந்தது.

மரங்கள் இருபுறமும் நெருக்கி நின்ற மண்பாதையில் நடந்தார்கள். மனைவி கொடுத்த பை கையை இழுத்தது. "சாப்பாடா இவ்வளவு கனக்குது?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் புதர் சரசரத்தது. வேலிக்கு அப்பால் ஒரு முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு போயிற்று. அதைவிட அதிகமாக அவருக்குத்தான் சிலிர்த்திருந்தது. பழுப்பாக என்னவோ மரத்துக்கு மரம் ஒதுங்கி ஒதுங்கிக் கூடவே வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதுகு முழுக்க வியர்வை.

"என்னங்க, கை நடுங்குது?"

"பை... பை கனம்."

ஒரு ஓட்டுக் கட்டடம் தெரிந்ததும் உயிர் வந்தது. நாலு சுவர், கதவு! பாய்ந்து உள்ளே போனார். மேஜைமேல் கரடி படுத்திருந்தது. கருப்பு மலை. வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்க.

பச்சை அங்கி போட்ட பெண் நிமிர்ந்தார். "வாங்க டாக்டர்! நான்தான் இங்க மிருக வைத்தியர். மயக்கம் குடுத்தாச்சு. கடைவாய்ப் பல்லு அழுகி, ஒரு வாரமா இரையே இறங்கலை. இவ்வளவு பெரிய பல்லை எடுத்து எனக்குப் பழக்கமில்லை. இப்ப எடுக்கலைன்னா பிழைக்காது. காட்டுல மிஞ்சியிருக்கிறதே கொஞ்சம் கரடிதான். வர்றீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பையைத் திறந்தாள். உள்ளே அவருடைய குறடுகள் பளபளத்தன.

"இதுக்கா கூட்டிட்டு வந்தே?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முன்னாலேயே சொல்லியிருந்தா உங்களுக்குக் காய்ச்சல் வந்திருக்கும். வருஷக்கணக்கா கரடி விட்டீங்களே, ஒரு கரடியைத் தொட என்ன பயம்?"

கரடியின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அந்த மூச்சில் சீழ் நாற்றம். எத்தனையோ வாய்களில் முகர்ந்த நாற்றம்தான். வலி எவ்வளவு என்று அவருக்கு மட்டும் தெரியும். அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

முழங்கை வரை கை உள்ளே போயிற்று. குறடு பல்லைப் பற்றியது. பழக்கதோஷம், வாய் தானாகவே சொன்னது: "வலிச்சா கையைத் தூக்குங்க."

கரடி கையைத் தூக்கியது.

"ஐயோ!" என்று அலறிப் பின்னால் பாய்ந்து மல்லாந்து விழுந்தார். தரையில் கிடந்தபடி கண்ணைத் திறந்தால், குறட்டில் பல் இருந்தது. வேரோடு.

"மயக்கத்துல சில சமயம் அப்படித் துடிக்கும் டாக்டர்," என்றார் வைத்தியர். "அடேயப்பா, ஒரே இழுப்பு!"

பல் டாக்டர் எழுந்து தையல் போட்டு முடித்தார். கரடியின் மூச்சு சீரானதும் அதன் நெற்றியில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார்.

திரும்பும்போது காரில் தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. ஊர் எல்லைக்குள் நுழைவதற்குள் தளும்பிவிட்டது.

"பார்த்தியா என் கையை? சும்மா சொல்லக்கூடாது, பரம சாது அது. மயக்க ஊசியே அனாவசியம்."

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதையேதான் அந்த வைத்தியர்கிட்ட நானும் சொல்லிட்டு வந்தேன்," என்றாள் மனைவி. "அடுத்த வாரம் நீங்க தையல் பிரிக்கும்போது ஊசி போடமாட்டாங்களாம்."