நூற்று நாற்பது கொடிகளும் ஒரு திருமணப் பதிவேடும்

அம்பொதிமங்கா,
அந்தலாஹா வட்டம்.
14 டிசம்பர் 2019, சனிக்கிழமை, காலை 8.10

என் மனைவியின் தமையனும் குடும்பத்தின் தலைமகனுமாகிய மதிப்பிற்குரிய ஜாவ்லாஹி அவர்களுக்கு,

தங்கள் தங்கை சுவாசாராவின் கணவன் பெசாரா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலந்தானே? துறைமுகத்து ஈரக்காற்றில் முழங்கால் வலி கூடாமல் இருக்கிறதா? நம் வழக்கப்படி, இங்கே புதிதாகச் செய்தி ஒன்றும் இல்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். இனிச் செய்தி.

கடந்த நவம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்துவிட்டு எல்லோரும் சோற்றில் கைவைத்த வேளையில், தாங்கள் உறவினர் அனைவர் முன்னிலையிலும் சொன்னது இது: "முப்பத்தொரு வருஷம் நாற்காலியில உக்காந்த மனுஷன் கையில அப்பாவோட வனிலாத் தோட்டம் வீணாப் போகுது. இந்தப் பூக்காலத்துல மாப்பிள்ளை தன் கையால ஆயிரம் காய் பிடிக்க வைக்கட்டும். முடியலைன்னா தோட்டம் என் மகனுக்கு." அன்று நான் பதில் சொல்லவில்லை, வாயில் சோறு இருந்தது. இன்று சொல்கிறேன். நேற்று, பதின்மூன்றாம் தேதி, மாலை நான்கு மணிக்கு எண்ணி முடித்தோம். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு காய்.

இது எப்படி நடந்தது என்பதைத் தாங்கள் முறையாக அறிய வேண்டும். வனிலாப் பூ காலையில் விரிந்து நண்பகலில் வாடிவிடும் என்பதை நம் குடும்பத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அது பிறந்த நாட்டில் ஏதோ ஒரு தேனீ அந்த வேலையைப் பார்க்குமாம். நம் ஊர்த் தேனீ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே மனிதர்தான் பூப்பூவாகப் போய்க் கல்யாணம் செய்துவைக்க வேண்டும். நவம்பர் 4, திங்கட்கிழமை, ஒரு காலையில் ஆயிரத்து இருநூறு பூ முடிக்கிறவள் என்று பெயரெடுத்த கல்யாணக்காரி ஸஃபிசுவாவை, வேலைக்கு அல்ல, கற்றுக்கொடுக்க மட்டும் அழைத்திருந்தேன். அவள் ஆரஞ்சு முள்ளால் பூவின் உதட்டைக் கிழித்தாள், உள்ளே ஒரு மெல்லிய தோலைத் தூக்கினாள், கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள், அடுத்த பூவுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை யார், எந்தக் கொடி, என்று கேட்டேன். "இதே பூவுலதான் ரெண்டு பேரும் இருக்காங்க, பதிவாளரையா. நடுவுல ஒரு தோல், அவ்வளவுதான்" என்றாள்.

30 ஜூன் 2017 அன்று ஓய்வு பெறும்வரை, இரு வீட்டாரின் பாட்டன்மார் பெயரையும் விசாரிக்காமல் நான் ஒரு திருமணத்தைக்கூடப் பதிவு செய்ததில்லை. ஒரே கருவறையில் இருந்த இருவரை ஒரு தோலைத் தூக்கிவிட்டுச் சேர்த்துவைப்பதா? இது முன்னோர் விலக்கு. என் தோட்டத்தில் நடக்காது. ஒரு கொடியின் மகரந்தம் வேறொரு கொடியின் பூவுக்குத்தான் போகும் என்று அறிவித்தேன். அவள் இடுப்பில் கைவைத்து நின்று, "மாப்பிள்ளையத் தேடி நீங்க திரும்பி வர்றதுக்குள்ள பொண்ணு வாடிப்போயிடும்" என்றாள். படிக்காதவள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே நூற்று நாற்பது கொடிகளுக்கும் தகரத்தில் எண் எழுதிக் கட்டினேன். பதிவேட்டில் நாள், மணி, மணமகள் கொடி, மணமகன் கொடி என நான்கு பத்தி போட்டேன். பதிவான ஒவ்வொரு பூவின் காம்பிலும் ஒரு நார் முடிச்சு. இடையூறுகள் இல்லாமலில்லை. நவம்பர் 6, பன்னிரண்டாம் கொடியின் மாப்பிள்ளை முள் நுனியிலிருந்து சேற்றில் விழுந்தான், தேடினேன், கிடைக்கவில்லை. எட்டாம் தேதி 9.20க்குத் தும்மல் வந்தது, ஐம்பத்தேழாம் கொடிக்காரன் போன இடம் தெரியவில்லை. பதினெட்டாம் தேதி கொடிப்பால் பட்டுக் கழுத்தெல்லாம் அரிப்பு, சொறிந்துகொண்டே எழுதியதில் முப்பத்தொன்றாம் கொடிக்கு அதே கொடியையே மாப்பிள்ளை என்று போட்டுவிட்டேன், பிறகு அதை அடித்துக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. 21ஆம் தேதி வியாழக்கிழமை, முன்னோர் விலக்குப்படி நம்மவர் யாரும் தோட்டத்தில் கால்வைக்கக் கூடாத நாள், வேலிக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விரிந்த பூக்கள் கன்னிகளாகவே வாடுவதை நண்பகல்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். நான் பன்னிரண்டு திருமணம் பதிந்த நாளில் நாற்பது காய் பிடித்தது. ஒன்பது பதிந்த நாளில் முப்பத்தெட்டு. முறையான திருமணம் நடக்கும் இடத்தில் அக்கம்பக்கத்துப் பூக்களும் ஒழுக்கம் கற்றுக்கொள்கின்றன என்ற முடிவுக்கே வந்துள்ளேன். இதை இவ்வட்டத்தில் எனக்கு முன் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பச்சைப்பசேலென்று கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய்களுக்கு நடுவே நேற்று நான் நடந்தபோது, பெருமை பேசக் கூடாது, ஆனாலும் மார்பு சற்று முன்னே சென்றது. பதிவேட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். உறவினர் கூடும்போது உரக்கப் படிக்கும்படி வேண்டுகிறேன்.

முன்னோர் தங்கள் கூரைமீது வேண்டிய மழையை மட்டும் இறக்கட்டும். தங்கள் பிள்ளைகள் தங்களைவிட நீண்டநாள் வாழட்டும்.

இங்ஙனம்,
பெசாரா
ஓய்வுபெற்ற திருமணப் பதிவாளர்

பி.கு. (அதே நாள், காலை 10.35): மேற்கண்டதை மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்த தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். உலக்கை நின்றது. "நூத்து நாப்பது கொடியும் ஒரே கொடிங்க. அப்பா ஒரு கொடி கொண்டாந்து நட்டாரு, அதையே வெட்டி வெட்டித் தோட்டமாக்கினாரு. வெட்டிக் கொடுத்தது அண்ணன், குழி தோண்டினது நான்" என்றாள். அதாவது நான் கொடி விட்டுக் கொடி ஓடி நடத்தியவை அனைத்தும் ஒரே உடம்புக்குள் நடந்தவை. பதிவேட்டை முழுதாக ரத்து செய்கிறேன். யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

மேலும், தினமும் ஒன்பதரைக்கு நான் எழுத உட்கார்ந்ததும் அவளும் ஸஃபிசுவாவும் பின்வரிசையிலிருந்து பழைய முறையிலேயே பூக்களை முடித்து வந்தார்களாம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க சந்தோஷமா எழுதிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். இப்போதுதான் போய் நார் முடிச்சுள்ள காய்களைத் தனியே எண்ணி வந்தேன். இருநூற்று மூன்று. மற்ற தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதும் என் கை அல்ல. ஆகவே நான் தோற்றேன், தோட்டம் என்னுடையதல்ல.

ஆனால் தங்கள் மகனுடையதும் அல்ல. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன் மகன் வேணும்னா முள்ளோட வரட்டும். முதல்ல என் கண்ணு முன்னால ஆயிரம் பூ. அதுவரைக்கும் தோட்டம் என் பேர்ல." இன்றைய தேதியிட்டுப் பதிந்துவிட்டேன். வரும் 16ஆம் தேதி, திங்கட்கிழமை முதல் அங்கே என்னை எழுத்தராக வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். முதல் மூன்று மாதம் தகுதிகாண் பருவமாம்.