எட்டுப் பவுன் செய்தி

"கழற்றிக் கொடுக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்னா மதி, அது போதும், அம்மா. படம் எடுத்த உடனே திருப்பித் தந்திடும்," என்றார் பாலக்காட்டிலிருந்து ஜீப்பில் வந்த அரசாங்க விளம்பர அதிகாரி, மலையாளம் கலந்த தமிழில்.

ராமாத்தாள் கழுத்துச் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கழுத்துல இருக்கறப்பவே புடிச்சுக்கோங்க. அடுத்தவங்க கையில நான் குடுக்கறதில்லீங்க."

எழுபத்தொன்று டிசம்பர். சண்டை தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. பாதுகாப்பு நிதிக்கு நகை கொடுக்கும் விவசாயப் பெண்ணின் படம் ஒன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று அதிகாரிக்கு மேலிடத்து உத்தரவு. காலையிலிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றியும் அப்படி ஒருத்தி அகப்படவில்லை. வாசலில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த ராமாத்தாளின் கழுத்தில் நாலு பவுன் சங்கிலி மின்னியதும் ஜீப் நின்றுவிட்டது.

அவள் கணவர் செங்கோட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. பொய் தயாராவதை நேரில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"குடு புள்ள. எப்பிடிச் செய்யறாங்கன்னு நானும் பாக்கோணும்."

ரேடியோவைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுவது அவர் பழக்கம். எதிரி விமானம் இருபது விழுந்தது என்றால் பத்து. நம்முடையது இரண்டு என்றால் நாலு. அந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. அறுபத்திரண்டில், சைனாக்காரனோடு சண்டை வந்தபோது, ராமாத்தாளின் தம்பி மாரப்பன் பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் எல்லாம் நம் கையில் இருக்கிறது என்று ரேடியோ சொல்லக் கேட்டு இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பிறகு தந்தி வந்தது. செங்கோட்டையன் தேதியைப் பார்த்தார். அவர்கள் நிம்மதியாகத் தூங்கியதற்கு மூன்று நாள் முன்பே மாரப்பன் முடிந்துபோயிருந்தான்.

அந்த வருஷம் பேப்பரில் நகை கழற்றிக் கொடுக்கும் பெண்களின் படங்களும் வந்தன. "ஒருத்தியும் குடுத்திருக்க மாட்டா. படம் புடிச்சுப்போட்டு வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிருப்பா," என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்தார். ராமாத்தாள் கேட்டுக்கொண்டே கடலை உடைப்பாள்.

இப்போது அவள் அதிகாரியிடம் கேட்டாள்.

"ஏனுங்க, சங்கிலியக் குடுத்துப்போட்டேன்னு பேப்பர்ல போடுவீங்களா?"

"தீர்ச்சயா போடும்."

"எல்லாரும் படிப்பாங்களா?"

"கோயமுத்தூர் வரைக்கும் படிக்கும்."

ராமாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தானே கழற்றி நீட்டினாள். காமிரா சொடுக்கியது. அதே நேரத்தில் ஒரு கடலைத் தூசி பறந்து செங்கோட்டையன் கண்ணில் விழுந்தது. சங்கிலி திரும்பி வந்தது. ஜீப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் பேப்பர் வந்தது. 'எட்டுப் பவுன் சங்கிலியை ஈந்த வீரத் தாய். அருகில், ஆனந்தக் கண்ணீரைத் துடைக்கும் கணவர்.'

எட்டில் பாதி நாலு. அந்த ஒன்றில் மட்டும் அவர் கணக்குச் சரியாக வந்தது.

பேப்பரை எடுத்துக்கொண்டு வீரபாண்டியின் டீக்கடைக்கு ஓடினார். "பாத்தீங்களா? ஒம்போது வருசமாச் சொல்றேன். அத்தனையும் நாடகம். சங்கிலி இன்னும் ஊட்டுலதான் கெடக்குது."

வீரபாண்டி டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "ஏனுங்ணா, ஊரப் பத்தி வந்தா பொய்ங்கறீங்க. சண்டையப் பத்தி வந்தா பொய்ங்கறீங்க. உங்களப் பத்தி நல்லதா ஒண்ணு வந்திருக்குது, அதையுமா? இந்தத் தன்னடக்கம் ஆருக்குங்ணா வரும்?"

கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து அவருக்குக் கும்பிடு போட்டார்கள்.

மறுநாள் பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குப் போனார். "நாங்க குடுக்கலைன்னு ஒரு வரி போட்டுருங்க," என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். "கவுண்டரே, யுத்த காலம். நம்ம செய்தி பொய்யாணுன்னு சொன்னா சத்துருவுக்கல்லே சந்தோஷம்? நிங்கள் எந்தப் பக்கம்?"

"நான் ஒரு பக்கமும் இல்லீங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம்."

அதிகாரி மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரத்தை எடுத்துப் பெயர் எழுதிக் கொடுத்தார். பொய்யைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் காத்திருந்தது. மகள் செல்லாத்தாளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்தச் சங்கிலியைத்தான் பெண்ணுக்குப் போடுவதாகச் செங்கோட்டையன் வாக்குக் கொடுத்திருந்தார். சம்பந்தி குப்பண்ணன் கையில் பேப்பரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, எங்க சனம் பூராவுக்கும் பேப்பரப் படிச்சுக் காட்டிப்போட்டேன். நாட்டுக்குக் குடுத்த ஊட்டுல பொண்ணெடுக்கறேன்னு வேலந்தாவளம் வரைக்கும் பேச்சு. சங்கிலி வேண்டாம். பொண்ணு வெறுங்கழுத்தோட வரட்டும், அதுதான் எங்களுக்குப் பெருமை."

"அதில்லீங்க சம்பந்தி, அந்தச் சங்கிலி..."

"ஒண்ணுஞ் சொல்லாதீங்க. எவனோ ஒருத்தன் சொல்றான், இதெல்லாம் சும்மா படத்துக்காம். நான் அடிக்கப் போயிட்டேன். அப்பிடி மட்டும் இருந்துச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சம்பந்தம் பண்றது?"

ராமாத்தாள் முந்தானையை இழுத்துக் கழுத்தைப் போர்த்திக்கொண்டு மோர்ச் சொம்பை நீட்டினாள். "மோர் குடிங்கண்ணா."

கல்யாணம் பேசிய நாளிலிருந்து அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். செங்கோட்டையனுக்குத்தான் ஒரு பருக்கை இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மகள் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால், ஊரில் உள்ள பொய்யையெல்லாம் பாதியாக்கியவர் ஒரு முழுப் பொய்யின் மேல் பந்தல் போட வேண்டும்.

ஐந்து நாள் யோசித்தார். ஆறாம் நாள் பதினாறாம் தேதி. டாக்கா விழுந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. ஊரில் வெடி வெடித்தார்கள். செங்கோட்டையன் தலையில் கைவைத்துக்கொண்டார். சண்டை முடிந்தால் நிதியை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் பொய் கடைசிவரை பொய்யாகவே நின்றுவிடும்.

"பாதிதான் விழுந்திருக்கும்," என்று தனக்குத்தானே தேற்றிக்கொண்டார். பிறகு மகளையும் மனைவியையும் கூப்பிட்டார்.

"சங்கிலிய நெசமாலுமே குடுத்துப்போடலாம். செய்தி உண்மையாயிரும். கண்ணு, உனக்கு வருத்தமா?"

"குடுங்கப்பா. நீங்க சோறு தின்னாப் போதும்," என்றாள் செல்லாத்தாள்.

ராமாத்தாள் மட்டும் சங்கிலியை ஒரு துணியில் அவசரமாக முடிந்தாள். "இந்தாங்க. சத்தங்காட்டாமப் பொட்டாட்டம் தாலுக்கா ஆபீசுல குடுத்துப்போட்டு வந்துருங்க. பிரிக்காதீங்க."

"பிரிக்காமக் குடுக்கறதா? அவிங்க நாலு பவுன ரெண்டுன்னு எழுதிப்போட்டா? ஆசாரிகிட்ட எடை போட்டு, மாத்துப் பாத்து, சீட்டு எழுதி வாங்கித்தான் குடுப்பேன்."

"தானங் குடுக்கறதுக்கு மாத்து எதுக்குங்க?"

"வாங்கறது கவர்மெண்டு, புள்ள."

"எனக்காக இந்த ஒருக்கா நம்புங்களேன்."

"உன்ன நம்பறேன். அவிங்கள நம்ப மாட்டேன்."

அவர் கிளம்பினார். பின்னாலேயே ராமாத்தாளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குளிக்கும்போதுகூடக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுக் குளிக்கிறவள், அத்தனை பத்திரமாக வைத்திருந்த பொருளை விட்டுப் பிரிய மனமில்லாமல் வருகிறாள் என்று அவர் நினைத்தார். வழியெல்லாம் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே நடந்தார். "உன்ற தம்பி நெனப்பா இருக்கும். அப்பன் ஊட்டுச் சீரு. தெரியுது."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொழிஞ்சாம்பாறை கருப்புசாமி ஆசாரி ராமாத்தாளின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வீட்டுக்கு நகை செய்கிறவர். முடிச்சைப் பிரித்தார். ஊதுகுழலைக் கீழே வைத்தார். சங்கிலியின் கொக்கியை மட்டும் திருப்பிப் பார்த்தார். உரைகல்லை எடுக்கவே இல்லை.

"மாத்துப் பாருங்க ஆசாரி. நாளைக்கு நெசமாலும் நிதிக்குக் குடுக்கப் போறேன். நான் பொய்யன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது," என்றார் செங்கோட்டையன்.

ஆசாரி ராமாத்தாளைப் பார்த்தார். அவள் வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அடிச்ச பித்தளைய நானே உரைச்சுப் பாக்கறதுங்களா?" என்றார் ஆசாரி. "தம்பி செத்த அந்த மாசமே, மிச்சமிருக்கற பட்டாளத்துப் பசங்களாச்சும் பனியில கம்பளியில்லாமச் சாகக் கூடாதுன்னு, அசல் சங்கிலியச் சைனாச் சண்டை நிதிக்கு அம்மிணி குடுத்துப்போட்டாங்களே."